பழிக்கத் தெரியாத சாட்சி

ஒருவரை நேர்மையாக வைத்திருப்பது பிறர் பார்வையா, அப்பார்வைக்குப் பின்னாலுள்ள மதிப்பீடா என்பதை மனிதரை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினம். பார்க்கும் மனிதர் எடை போடவும் செய்வார். ரோபோ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. கை ஹாஃப்மன் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், விதியை மீறினால் கூடுதல் பணம் கிடைக்கும் பணியொன்றைச் சிலர் தனியாகவும், சிலர் ஒரு மனிதர் உடனிருக்கவும், சிலர் தலையசைக்கும் ரோபோ உடனிருக்கவும் செய்தனர். உடனிருந்த மனிதரும் ரோபோவும் கண்காணிக்கவில்லை. மூன்று நிலைகளிலும் ஏமாற்று இருந்தது. தனிமையைவிட மற்ற இரண்டிலும் அது ஒரே அளவு குறைந்தது. ஆனால் ஏமாற்றியவர்களின் குற்றவுணர்வு, மனிதர் முன்பு இருந்ததைவிட ரோபோவின் முன்பு கணிசமாகக் குறைவு. அச்சம், நாணம் எனத் தமிழ் இரண்டு சொற்களை வைத்திருப்பது இங்கே உதவுகிறது. யாரோ இருக்கிறார்கள் என்ற விழிப்பை, அதாவது அச்சத்தின் சாயலை, ரோபோ எழுப்பியது. நாணத்தை எழுப்ப அதனால் இயலவில்லை.

அச்சத்துக்கு இடமே இல்லாத சூழலில் என்ன நேர்கிறது? அலைன் கோன் உள்ளிட்ட மூவர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் யாரும் காணாமல் நாணயம் சுண்டி முடிவைத் தெரிவித்தனர். அகப்பட வழியில்லை, தடுக்கக்கூடியது நாணம் ஒன்றே. மனிதரிடம் தெரிவித்ததைவிட இயந்திரத்திடம் தெரிவித்தபோது ஏமாற்று ஏறத்தாழ மூன்று மடங்கு. இயந்திரத்துக்கு மனிதத் தன்மைகளைச் சேர்த்தும் பயனில்லை. குரலை இரவல் வாங்கலாம், மதிப்பீட்டை வாங்க முடியாது போலும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 2006இல் நியூகாசில் பல்கலைக்கழகக் காபி அறையில் விலைப்பட்டியலின் மேல் கண்களின் படம் ஒட்டிய வாரங்களில், பூப்படம் ஒட்டிய வாரங்களைவிட 2.76 மடங்கு பணம் சேர்ந்தது. மனமற்ற காகிதமே நாணவைக்கும்போது ரோபோவால் முடியாதா? பிந்தைய தொகுப்பாய்வுகள் வேறு கதை சொல்கின்றன: கண்படம் ஈகையைக் கூட்டுவதாக 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு காணவில்லை, தகாத செயலைக் குறைப்பதாக 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு கண்டது. படம் கையைத் தடுக்கிறது, மனத்தைத் தொடவில்லை. ஏமாற்றுவதை உணர்ந்து பேசும் ரோபோவும் அச்சத்தைத்தான் கூட்டும் என்பேன்.

நாணத்தை எழுப்ப இயலாத இக்குறையே வேறிடத்தில் நன்மையாகிறது. கேல் லூகஸ் குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வில், உடல்நல நேர்காணல் செய்த கணினி உருவம் தானே இயங்குவதாக நம்பியவர்கள் தம்மைப் பற்றிப் பேச அஞ்சுவது குறைந்தது. துயரத்தையும் கூடுதலாக வெளிக்காட்டினர். அதே உருவத்தை ஒரு மனிதர் இயக்குவதாக நம்பியவர்களோ அடக்கி வாசித்தனர். ஆக, நேர்மையைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் முகமல்ல, அதன் பின்னால் யார் இருப்பதாக நாம் நம்புகிறோம் என்பதே. செலவுக் கணக்கு கேட்கும் திரையில், அதைப் படிக்கப்போகும் அலுவலரின் பெயர் இருக்க வேண்டும். நோயாளியின் மனத்துயரைக் கேட்கும் இயந்திரமோ, தன் பதிவை யார் படிப்பார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அதனால் சிலர் வாய் மூடிக்கொண்டாலும்.