வெண்கண்டலும் மனிதக் கருவும்

புவி வெப்பமடைவதைச் சமாளிக்க மனித உடலையே மாற்றிக்கொண்டால் என்ன? 2012இல் தத்துவப் பேராசிரியர் மேத்யூ லியாவோ வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இதை ஆராய்ந்தது. குள்ளமான மனிதர்க்கு உணவும் எரிபொருளும் குறைவாகப் போதும். புலால் ஒவ்வாத உடல் அமைந்தால் மாட்டுப் பண்ணைகள் குறையும். விரும்புவோர் மட்டும் மாறிக்கொள்ளலாம் என்றெல்லாம் அது சொல்லிச் சென்றது. நகைப்புக்கு இடமானது எனத் தள்ளிவிட முடியவில்லை. 2018இல் சீனாவின் ஹ ஜியான்குய் கருவிலேயே மரபணு திருத்திய இரட்டைக் குழந்தைகள் பிறந்த செய்தியை அறிவித்தார். அவர் சொன்ன நோக்கம் எச்.ஐ.வி. தடுப்பு, கிடைத்தது மூன்றாண்டுச் சிறை. இந்தியாவிலோ மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இத்தகைய கருத்திருத்தத்திற்கு இடம் தரவில்லை.

புவனகிரியில் வாழும் நமக்கு இவ்விவாதம் தொலைதூரத்து விவகாரம் அன்று. கோடையில் வெள்ளாறு வற்றினால் முகத்துவாரம் வழியே கடல் உள்ளேறுகிறது. தடுப்பணை வேண்டும் என உழவர்கள் கேட்டு ஓய்ந்துவிட்டனர். அந்த உப்புக்குப் பயிரை மாற்றும் முயற்சி முன்பே தொடங்கியாயிற்று. சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தில், அஜய் பரிடா குழுவினர் வெண்கண்டல் மரத்தின் உப்புத்தாங்கு மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் ஏற்றினர். பிச்சாவரத்தில் நாம் காணும் அதே மரவகை. வேண்டாத உப்பை இலை வழியே கசியவிடுவது. (நெய்தல் பாடல்களில் கண்டலைப் படிக்கும் நம் மாணவர்க்குச் சுரபுன்னையும் படகுச் சவாரியுமே தெரியும்!) அவ்வகை அயல் மரபணு நெல் எதற்கும் இங்கே சாகுபடி இசைவு இன்றுவரை இல்லை. 2025இல் அறிவிக்கப்பட்ட பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 வேறு வழியில் வந்தது. நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தி, வறட்சியும் உப்பும் தாங்குமாறு உருவாக்கப்பட்டது.

ஆனால் அம்மரபணுவுக்கு உரிய மரம் பிச்சாவரத்தில் பட்ட பாட்டை எவரும் நினைவுகூர்வதில்லை. வெள்ளையர் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒட்ட வெட்டும் கூப்பு முறை நடந்தது. மரம் போன நிலம் வெயிலில் காய்ந்து அமிழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஓதத்தில் ஏறிய நீர் வடியாமல் தேங்கி ஆவியாக, உப்பு மேலும் மேலும் கூடியது. உப்பிலே பிழைக்கப் பிறந்த வெண்கண்டலே அங்கே பிழைக்கவில்லை, உமிரிதான் படர்ந்தது. பழியோ, ஆடுமாடு மேய்த்தவர்மீதும் விறகு பொறுக்கியவர்மீதும்! வெட்டியவர் கணக்கில் அது வரவேயில்லை.

1990களில் அதே ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் உப்பு தணிந்தது. நட்ட வெண்கண்டல் மரபணு மாறாமலே தழைத்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர் மாவட்டக் கரையில் நடந்த ஆய்வு, மரச்செறிவுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைவாகவே சேதமுற்றன எனக் காட்டியது.

நெல்லைத் திருத்துவதில் நமக்குப் பெரிய மறுப்பில்லை. விளையாவிட்டால் அடுத்த பட்டத்தில் வேறு விதை விடலாம். கருவில் செய்த திருத்தம் பிள்ளைக்கும் பேரனுக்கும் தொடரும். எவரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். கரியைக் காற்றில் ஏற்றியவர் ஒருவர், உடலை மாற்றிக்கொள்ளச் சொல்லப்படுபவர் கடலோரத்து மற்றொருவர் என்றால், பிச்சாவரத்து விறகுக்காரர்மீது விழுந்த அதே பழியின் நீட்சி அது என்றே எண்ணத் தோன்றுகிறது. வாய்க்காலுக்கு இவ்வளவு தத்துவம் வேண்டியதில்லை. வண்டல் சேரும்தோறும் தூர்வார ஆளும் பணமும் வேண்டும்.