தென்னகத்தைக் காத்த மதகு



2012ஆம் வருடத்தை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு என்றால் நமக்குப் பாதி நாள் போய்விடும். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்கள் நம்மில் பலர்.

அதே வருடம் ஜூலை 30இல் வட இந்திய மின்தொகுப்பு சரிந்து விழுந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் சேர்ந்தே விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன. பற்றாக்குறையில் தவித்த நம் தென்னகத் தொகுப்போ விழவில்லை. ஏன்?

நம் வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். விநாடிக்கு 50 முறை அலையடிக்கும். இரண்டு தொகுப்புகளை நேரடியாக இணைத்தால், அணிவகுப்பில் மாணவர்கள் ‘லெஃப்ட், ரைட்’ தவறாமல் நடப்பது போல எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே அடியில் ஓட வேண்டும். ஒரு பக்கம் பலமாகத் தடுமாறினால் மறுபக்கத்தையும் இழுத்துக்கொண்டு விழும்.

அன்று தென்னகம் அப்படி இணைக்கப்படவில்லை. நடுவில் நேர்மின்சாரப் பாலங்கள் இருந்தன. இந்தப் பக்கத்து மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அந்தப் பக்கத்தில் மறுபடி மாறுமின்சாரமாக்குவார்கள். நேர்மின்சாரத்துக்கு அலை கிடையாது. அதனால் இரண்டு பக்கமும் ஒரே அடியில் நடக்க வேண்டியதில்லை.

1954இல் ஸ்வீடன் தன் காட்லாந்து தீவுக்குக் கடலடிக் கேபிளில் இப்படி மின்சாரம் அனுப்பியது. அங்கே பயன்பட்டவை பாதரச வால்வுகள். பிறகு தைரிஸ்டர் என்ற சிலிக்கான் சாதனம் வந்தது. ஒவ்வொரு அலையிலும் எந்தக் கணத்தில் அதைத் திறப்பது என்பதை மாற்றி, எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று தீர்மானிக்கலாம். கோமுகி அணையில் ஷட்டரைத் தூக்கி வேண்டிய அளவு தண்ணீர் விடுகிறோமே, அதே வேலைதான்.

மகாராஷ்டிரத்தின் பத்ராவதியில் 1,000 மெகாவாட் பாலம் 1990களின் இறுதியில் வந்தது. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு 2,000 மெகாவாட் பாதை 2003இல் வந்தது. 2012இல் அந்தத் தால்ச்சர் வழி வரத்து நின்று இங்கும் சிரமம் ஏற்பட்டது. ஆனால் சரிவு மதகைத் தாண்டி வரவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மதகு சிறியது. நம் மாநிலத்தில் உற்பத்தி போதவில்லை. வெளியில் வாங்கலாம் என்றாலும் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. நம் மின்வெட்டு நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பேராபத்திலிருந்து காத்த அதே பிரிவு, நம் பயிரை வாடவும் விட்டது.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னகம் தேசியத் தொகுப்போடு நேரடியாக இணைந்தது. நாடு முழுவதும் ஒரே அடியில் நடக்கத் தொடங்கியது. உதவி வரும் வழி அகலமானது. ஆபத்து வரும் வழியும் திறந்தது. அதனால் மதகின் வேலை முடிந்துவிடவில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் நேர்மின்சாரப் பாதை 2020–21இல் வந்தது. இங்கே காற்றாலை மின்சாரம் மிஞ்சும் மாதங்களில் அதை வடக்கே திருப்பி அனுப்பவும் அதில் வழி உண்டு. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2021இல் வந்த பாதையில் தைரிஸ்டருக்குப் பதில் ஐஜிபிடி. அதை நினைத்த கணத்தில் திறக்கவும் மூடவும் முடியும்.

ஏரிப்பாசனம் தெரிந்த நமக்கு இது புது விஷயமல்ல. இரண்டு ஏரிகளுக்கு நடுவே கரையை வெட்டிவிட்டால், ஒன்று உடைந்தால் இரண்டும் காலி. இணைக்கவே மாட்டேன் என்றால் ஓர் ஊர் காயும். இணைப்பும் வேண்டும், மதகும் வேண்டும், மதகைப் பார்த்துக்கொள்ள விழிப்பான ஆளும் வேண்டும்.

மின்வாரியத்திலும் மின்நிலையங்களிலும் இரவுப் பணி பார்க்கும் என் மாணவர்களே, அந்த ஆள் நீங்கள்தான். நன்றாக இருங்கள்.