வெட்டுக்கிளிகளா, குடியேறிகளா?
பனூ ஹிலால் இடப்பெயர்வும் வரலாற்றின் தீர்ப்பும்

மனிதக் கூட்டங்கள் நிலம் விட்டு நிலம் பெயர்வது வரலாற்றின் தொடக்கம் முதல் நிகழ்ந்து வருவது. பெயர்ந்து சென்றோரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துகளோ பெரும்பாலும் அவர்கள் சென்றடைந்த ஊர்களின் அறிஞர் எழுதியவை. வந்தவர்கள் கூடாரவாசிகள், எழுதியவர்கள் நகரவாசிகள். இவ்விடைவெளி ஒரு சமுதாயத்தின் பெயரை ஆயிரம் ஆண்டுகளுக்கு எவ்வாறு களங்கப்படுத்தக் கூடும் என்பதற்குப் பனூ ஹிலால் கோத்திரத்தாரின் வரலாறு தக்க சான்றாகும்.

பனூ ஹிலால்களின் பூர்வீகம் அரேபியாவின் நஜ்துப் பகுதி. கர்மத்தியரோடு இவர்கள் கூட்டுச் சேர்ந்திருந்தனர். கர்மத்தியரை வென்ற ஃபாத்திமிய கலீஃபா அல்அஸீஸ் (ஆட்சி 975-996) இவர்களை மேல் எகிப்தில் குடியேற்றினார். அக்காலத்தில் இஃப்ரீகிய்யாவை, அதாவது இன்றைய துனீசியாவையும் அதன் சுற்றுப்புறங்களையும், ஃபாத்திமியரின் சார்பாளர்களாக ஆண்டவர்கள் ஸீரீ எனும் பர்பர் குடும்பத்தினர். அவர்களுள் அல்முஇஸ் இப்னு பாதீஸ் 1040-களில் கெய்ரோவுடனான பிணைப்பை அறுத்து, பக்தாதின் அப்பாசிய கலீஃபாவுக்குப் பணிந்தார். இதனால் சினமுற்ற ஃபாத்திமிய வஸீர் அல்யாஸூரி, நைல் நதியைக் கடக்க ஹிலால்களுக்கு அனுமதியளித்து, ஆளுக்கு ஓர் ஒட்டகமும் ஒரு தீனாரும் கொடுத்து மேற்கே ஏவிவிட்டார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. ஹிஜ்ரி 443இல் (கி.பி. 1052) ஹைதரான் போரில் ஸீரீ படை தோற்றது. ஹிஜ்ரி 449இல் (1057) கைரவான் நகரம் சூறையாடப்பட்டது. அல்முஇஸ் கடற்கரைக் கோட்டையான மஹ்திய்யாவுக்குப் பின்வாங்கினார்.

இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தார் மனத்தில் நிலைநிறுத்தியவர் இப்னு கல்தூன் (1332-1406). பனூ ஹிலால் கூட்டத்தை அவர் பரந்து செல்லும் வெட்டுக்கிளிகளுக்கு ஒப்பிட்டார். அவர்கள் கடந்த இடமெல்லாம் பாழானது என்றும் எழுதினார். அரபு மூலத்தில் இதைப் படிப்போர்க்கு, அல்கமர் அத்தியாயத்தில் மறுமை நாளில் கப்றுகளிலிருந்து எழுவோர்க்குக் கூறப்படும் உவமை உடனே நினைவுக்கு வரும். ஓர் ஊரின் வீழ்ச்சிக்குக் கியாமத்தின் நிழலைப் போர்த்திவிட்டது அந்த உவமை. அதன் வலிமையே பின்வந்தோரின் ஆராய்ச்சிக்குத் திரையாகவும் அமைந்தது.

உவமை கைமாறிய கதை

1830இல் பிரான்சு அல்ஜீரியாவைக் கைப்பற்றியது. இப்னு கல்தூனின் பர்பர் வரலாற்றை தெ ஸ்லான் பிரெஞ்சில் பெயர்த்தார். அது 1852 முதல் 1856 வரை வெளிவந்தது. வெற்றி கொண்ட நாட்டின் குடிகளை அறிந்துகொள்ளும் ஆட்சித் தேவை அம்மொழிபெயர்ப்பின் பின்னணியில் இருந்தது. ஜார்ஜ் மார்சே 1913இலும், கோத்தியே 1927இலும் எழுதிய நூல்கள் பனூ ஹிலால் வருகையை வட ஆப்பிரிக்க வரலாற்றின் பெருந்திருப்பமாக வைத்தன. கோத்தியே அதனை நிலைகுடிகளுக்கும் நாடோடிகளுக்கும் இடையிலான ஓயாத போராகவே சித்திரித்தார்.

இதிலிருந்து ஆட்சியாளர் பெற்ற வாதம் எளிமையானது. ரோமானியர் காலத்தில் தானியக் களஞ்சியமாக விளங்கிய நாட்டை அரபுகள் பாலையாக்கினர். பிரான்சு அதனை மீண்டும் பசுமையாக்க வந்திருக்கிறது என்பதே அது. மேய்ச்சல் குடிகளின் பொது நிலங்களைப் பறிப்பதற்கும் காடுகளிலிருந்து அவர்களை விலக்குவதற்கும் இவ்வாதம் துணை நின்றதை டயானா டேவிஸ் 2007இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். பதினோராம் நூற்றாண்டின் நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிய தீர்ப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிரோடிருந்த மக்களின் நிலத்தைப் பறிக்கும் ஆவணமாகிவிட்டது. இந்த ஆய்வின் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது.

மறுவிசாரணை

1962இல் ஹாதி ரோஜர் இத்ரீஸ் ஸீரீ ஆட்சியைப் பற்றிய தமது விரிவான ஆய்வில், ஹிலால் படையெடுப்பு பேரழிவே என்னும் கருத்தை நிலைநாட்டினார். 1967இல் ழான் பொன்சே அதனை ஒரு கட்டுக்கதை என மறுத்தார். அடுத்த ஆண்டே இத்ரீஸ் பதிலெழுதினார். பின்னர் ழாக் பெர்க், மைக்கேல் பிரெட் முதலிய அறிஞர்களும் இவ்விவாதத்தை வளர்த்தனர். இவற்றால் தெளிவான சில உண்மைகளை நாம் இங்குத் தொகுத்து நோக்கலாம்.

முதலாவது, கைரவானின் தளர்ச்சி ஹிலால்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஃபாத்திமியர் 973இல் தம் தலைநகரைக் கெய்ரோவுக்கு மாற்றியபோது அரசவையும் செல்வமும் உடன் சென்றன. 1004-05இல் இஃப்ரீகிய்யா கடும் பஞ்சத்தையும் கொள்ளை நோயையும் கண்டது. கெய்ரோ கெனீஸா ஆவணங்களை ஆராய்ந்த கொய்ட்டைன், துனீசியப் பகுதியின் யூத வணிகக் குடும்பங்கள் பல எகிப்தை நோக்கி நகர்ந்ததைப் பதினோராம் நூற்றாண்டுக் கடிதங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். சூடானியப் பொன் வந்த பாலைவழியின் வாயிலான சிஜில்மாஸா, 1050-களில் முராபித்துகளின் கைக்குப் போயிற்று. வணிகமும் பொன்னும் விலகும் நகரம் தன் மதில்களை நெடுநாள் காத்துக்கொள்ள இயலாது.

இரண்டாவது, வந்தவர்கள் எத்தனை பேர் என்னும் வினா. ஹைதரானில் மூவாயிரம் ஹிலால் குதிரை வீரர்கள் முப்பதாயிரம் பேர் கொண்ட ஸீரீ படையை வென்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இவ்வெண்களை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. பனூ இஸ்ராயீல் படை ஆறு இலட்சம் என்ற செய்தியை நிலத்தின் அளவையும் தலைமுறைக் கணக்கையும் கொண்டு மறுத்து, பேரெண்களை ஐயுறக் கற்பித்தவர் முகத்திமாவின் ஆசிரியரே. எனினும் இவ்வெண்கள் ஓரளவேனும் மெய்யெனின், ஸீரீகள் வீழ்ந்தது மனித வெள்ளத்தால் அன்று என்றாகிறது. அவர் சொல்லும் 'அஸபிய்யா' எனும் குழுப்பிணைப்பு அப்படையில் அற்றுப்போயிருந்ததே காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

மூன்றாவது, ஏவி விட்டவர் யார் என்பது. ஹிலால்கள் 1050-க்கு முன்பே லிபியப் பகுதிகளில் மேற்கு நோக்கி நகர்ந்து கொண்டிருந்தனர் என்பதையும், வஸீரின் ஏவலால் நிகழ்ந்தது என்னும் செய்தி நிகழ்ச்சிக்குப் பின் ஃபாத்திமிய அவை உரிமை கொண்டாடியதன் விளைவு என்பதையும் பிரெட் வாதிட்டார். ரியாஹ் கிளையின் தலைவர் முஃனிஸ் இப்னு யஹ்யாவை அல்முஇஸே வரவேற்றார். ஹிலால் தலைவர்களோடு மண உறவும் கொண்டார். தம் உறவினரான பர்பர் கிளைகளை அடக்க இப்புதியவர்களைப் படையாக்கிக் கொள்ளலாம் என்று அவர் எண்ணினார். அக்கணக்குத் தவறியபோதுதான் விருந்தினர் பகைவராயினர்.

நான்காவது, பசி. பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நைல் வெள்ளம் பலமுறை பொய்த்தது. 1050-களில் எகிப்தில் தட்டுப்பாடு நேர்ந்தது. 1065 முதல் 1072 வரை நீடித்த பெரும் பஞ்சம் கலீஃபா அல்முஸ்தன்ஸிரின் பெயராலேயே இன்றும் வழங்கப்படுகிறது. மேய்ச்சலை நம்பிய மக்கள் இத்தகைய காலத்தில் இடம்பெயர்வதற்கு வஸீரின் தீனார் தேவையில்லை. ஹிலால்களின் வாய்மொழிக் காப்பியமாகிய 'ஸீரத் பனீ ஹிலால்' தன் மேற்குப் பயணத்தை நஜ்தின் வறட்சியிலிருந்தே தொடங்குகிறது. அபூஸைதையும் ஜாஸியாவையும் பாடும் இக்காப்பியத்தை யுனெஸ்கோ 2003இல் மானுடத்தின் அரிய வாய்மொழிச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. வந்தவர் தம்மைப் பற்றிக் கூறிய கதை பசியின் கதையாக இருக்க, நகரத்தார் எழுதிய கதை கொள்ளையின் கதையாக இருக்கிறது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதே நீதி.

மக்கள்தொகை மாறியதா, மொழி மாறியதா?

கைரவான் சூறையாடப்பட்டதையும், பல சமவெளிகளில் உழவு சுருங்கி மேய்ச்சல் பெருகியதையும் நாம் மறுக்கவில்லை. ஆயின் மக்ரிபின் மக்கள் அழிந்து புதியவர் அவ்விடத்தை நிரப்பினர் எனக் கொள்வதற்குச் சான்றில்லை. முவஹ்ஹித் ஆட்சியாளர் அப்துல் முஃமின் 1153இல் ஸதீஃப் அருகே ஹிலால்களை வென்ற பின், அவர்களுள் பலர் மொரோக்கோவின் சமவெளிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். அரசின் படையாகவும் ஆக்கப்பட்டனர். அங்கங்கே பர்பர்களோடு மணமுறை கொண்டு கலந்தனர். மரபணு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வொன்று, வட ஆப்பிரிக்காவில் தம்மை அரபுகள் என்போர்க்கும் பர்பர்கள் என்போர்க்கும் இடையே தெளிவான பிறப்பெல்லை எதுவும் இல்லை எனக் கண்டது. கிழக்கிலிருந்து வந்தோரின் குருதி இரு சாராரிடமும் கலந்துள்ளது.

பெரும் மாற்றம் நாவில் நிகழ்ந்தது. மொழியறிஞர்கள் மக்ரிபின் பேச்சு அரபியை ஹிலால்களுக்கு முந்தியது, ஹிலால்களுடையது என இரண்டாகப் பகுக்கின்றனர். பழைய நகரங்கள் சிலவற்றில் 'காஃப்' எழுத்து அடித்தொண்டையில் ஒலிக்க, பதவியர் வழிவந்த வழக்கில் அது 'கா' என மெலிந்து ஒலிக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் வெற்றியாளர் நகரங்களுக்குக் கொண்டுவந்த அரபியை நாட்டுப்புறத்திற்குக் கொண்டு சேர்த்தவர்கள் இந்தக் கூடாரவாசிகளே.

நீதிபதியும் சாட்சியும்

இனி, இப்னு கல்தூன் எங்கிருந்து எழுதினார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கைரவான் வீழ்ந்து ஏறத்தாழ முந்நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 779இல் (1377), முகத்திமாவை அவர் எழுதி முடித்தார். இடையில் 1348-49இன் கொள்ளை நோய் வந்து சென்றது. பதினேழு வயதுக்குள் அவர் தம் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் அந்நோய்க்குப் பறிகொடுத்தார். அது நகரங்களைக் காலியாக்கி, வழிகளை அழித்து, உலகின் நிலையையே மாற்றிவிட்டது என்று எழுதியவரும் அவரே. அவர் கண்ட பாழ்மனைகளுள் எத்தனை ஹிலால்களால் நேர்ந்தவை, எத்தனை நோயால் நேர்ந்தவை என்பதை அவர் கணக்கிடவில்லை.

அவர் 'அரபு' என்று கண்டிக்கும் இடங்களில் பெரும்பாலும் பாலைவாசிகளான பதவியரையே குறிக்கிறார். ஒரு வாழ்முறையைப் பற்றிய சொல்லை ஓர் இனத்தைப் பற்றிய சொல்லாக வாசித்தது பிற்காலத்தாரின் பிழை. மேலும், அவரது குலமும் பெயர்ந்து வந்ததே: ஹள்ரமவ்த்திலிருந்து அந்தலூஸியாவுக்கும், இஷ்பீலிய்யா வீழுமுன் அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கும் வந்த குடும்பம் அது. அவர் முகத்திமாவை எழுதிய கல்அத் இப்னு ஸலாமா கோட்டையில் அவருக்கு அடைக்கலம் தந்தவர்கள் அவ்லாத் ஆரிஃப் தலைவர்கள். அவர்கள் ஸுவைத் கிளையினர். பனூ ஹிலாலின் வழிவந்தவர்கள். தம் நூலின் இறுதியில், இலக்கணப் புலவர் இகழ்ந்த ஹிலால் கவிதைகளை எடுத்தெழுதி, அவற்றிற்கும் தனிச் சொல்நயம் உண்டு என வாதாடியவரும் அவரே. வெட்டுக்கிளிகள் கவிதை பாடுவதில்லை.

ஆகவே இப்னு கல்தூனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. செய்தியை அதன் சூழலோடு உரைத்துப் பார்க்க நமக்குக் கற்பித்தவர் அவர். அவர் தந்த உரைகல்லில் அவரது உவமையையே உரைத்துப் பார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகும். இடம்பெயரும் மக்களை வெள்ளமென்றும் புழுப் பூச்சியென்றும் அழைக்கும் வழக்கம் இன்றும் பல நாடுகளின் அரசியல் மேடைகளில் ஒழியவில்லை. அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம், எண்ணியவர் யார், வந்தவரின் பசியைக் கேட்டவர் உண்டா, அச்சொல்லால் யாருடைய நிலம் கைமாறப் போகிறது என்னும் மூன்று வினாக்களை எழுப்புவது வரலாறு கற்றோரின் கடமையாகும்.