மூச்சடக்கிய கடலும் மூச்சுக்கு ஏங்கும் கட்டியும்

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் கிடந்தவை. அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முகாமிட்ட குளியாட்கள் கல்லைக் காலில் பற்றிக்கொண்டு இறங்குவர். ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ கழிவதற்குள் மேலேறியாக வேண்டும். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அத்தனையும் அடக்கிய மூச்சின் அறுவடை.

பிராணவாயு இன்றித் தாக்குப்பிடிக்கக் கற்ற வேறொன்றும் உண்டு. அது புற்றுநோய்க் கட்டியின் உட்கலம். 1909இல் வியன்னா மருத்துவர் கோட்வால்ட் சுவார்ஸ், ரேடியத்தைத் தோலில் அழுத்தி வைத்தால் தோல் குறைவாகவே புண்படுவதைக் கண்டார். அழுத்திய இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. இதன் பொருள் முழுதாக விளங்க நெடுங்காலம் ஆயிற்று. 1953இல் இலண்டனில் எல். எச். கிரேயும் அவர்தம் குழுவினரும் ஒட்சிசனே இதன் திறவுகோல் என்று நிறுவினர். கதிர் கலத்தின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. ஒட்சிசன் அருகிருந்தால் அச்சிதைவு நிலைத்துவிடுகிறது, இல்லையேல் கலம் தன்னைச் சீர்செய்துகொள்கிறது. ஒட்சிசன் அற்ற கலத்தை அழிக்க ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் தேவை. இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு தூரம் விலகினாலே கட்டிக்குள் இந்தப் பஞ்சம் தொடங்கிவிடுகிறது.

1955இல் இலண்டன் சென் தோமஸ் மருத்துவமனையில் சேர்ச்சில் டேவிட்சன், நோயாளரை அமுக்க அறைக்குள் வைத்து, வளிமண்டலத்தைப் போல் மூன்று மடங்கு அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கச் செய்து கதிர் பாய்ச்சினார். பத்துப் பாக ஆழத்தில் நம் குளியாளின் செவிப்பறை தாங்கியதும் ஏறத்தாழ அதே அமுக்கம்தான்! சில ஆய்வுகளில் பயன் தெரிந்தபோதிலும், கையாளக் கடினமான அந்த அறை காலப்போக்கில் வழக்கொழிந்தது. நிலைத்தது, கதிரைப் பல நாட்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை. வெளிக்கலங்கள் மடிய மடிய எஞ்சியவற்றை ஒட்சிசன் எட்டுகிறது. மறுநாட் கதிர் அவற்றை வலுவிழந்த நிலையிற் சந்திக்கிறது.

ஆகவேதான் சிகிச்சை வாரக்கணக்கில் நீள்கிறது. இடையில் நாட்கள் தவறினால் எஞ்சிய கலங்கள் மீண்டும் பெருகும். இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னிற்கிறது. வெற்றிலையும் புகையிலையும் அதற்குப் பெருங்காரணம். மன்னார் நோயாளி தெல்லிப்பழை, மகரகமை போன்ற இடங்களுக்குச் செல்ல வேண்டும். போர்க்காலத்தில் பாதைகளே அடைபட்டிருந்தன. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணம் சற்று அருகில் வந்தது. ஆயினும் ஏழைக் கடற்றொழிலாளி ஒருவர் தொழிலை விட்டு வாரக்கணக்கில் தங்குவது எளிதன்று. சிகிச்சைக் காலத்தில் புகைபிடித்தால் காபனோரொட்சைட்டு குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. கதிரின் வலிமையும் குன்றுகிறது. 'புகைக்காதீர்' என்று மருத்துவர் சொல்வது வெறும் ஒழுக்க உபதேசமன்று.

குளியாள் கடலடியில் இருக்கையில் தோணியில் ஒருவர் கயிற்றைக் கைவிடாது பிடித்திருப்பார். அதன் அசைவில் ஓர் உயிர் இருந்தது. ஒரு நாளும் தவறாது சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் உறவினரின் கையிலும் இன்று அத்தகைய கயிறொன்று இருக்கிறது.