உள்ளத்தின் உறைவிடம்

பண்டை எகிப்தியர் இறந்தோரின் உடலைப் பதப்படுத்தும்போது மூளையை மூக்கின் வழியே கொக்கியால் இழுத்து அகற்றிவிடுவர். இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே பேணி வைப்பர். மறுமையின் தராசில் நிறுக்கப்படவேண்டியது இதயமே என்பது அவர்தம் நம்பிக்கை. எனினும் அந்நாட்டில் கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட மருத்துவ ஏடொன்று, மண்டையோடு பிளந்தோரின் நிலையை விவரிக்கையில், மூளையின் மடிப்புகளை உருகிய செம்பின் மேல் தோன்றும் சுருக்கங்களுக்கு ஒப்பிடுகிறது. தலைக்காயத்தால் பேச்சிழந்தவரையும் குறிப்பிடுகிறது. சமயம் ஒன்றை நம்பியிருக்க, மருத்துவனின் கண் வேறொன்றைக் கண்டிருக்கிறது.

இதே வழக்கு கிரேக்கரிடையே வெளிப்படையான விவாதமாயிற்று. தென் இத்தாலியிலுள்ள குரோட்டன் நகரத்து அல்க்மேயோன், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் வழிகள் உண்டென்றும், புலனறிவின் இருப்பிடம் மூளையே என்றும் உரைத்தார். ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் நூலொன்று, தெய்வச் செயல் எனக் கருதப்பட்ட வலிப்புநோய் மூளையில் தோன்றும் நோயே என்றும், நம் இன்பமும் துன்பமும் அங்கிருந்தே எழுகின்றன என்றும் துணிந்து கூறிற்று.

இதன் பின்னர் வந்த அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) இதயத்தின் பக்கம் நின்றது வியப்பளிக்கலாம். அவர் மருத்துவரின் மகன்; விலங்குகளை அறுத்துப் பார்த்தவர். அவர் காட்டிய சான்றுகளும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. முட்டைக்குள் வளரும் குஞ்சில் முதலில் துடிப்பது இதயம். மூளையையோ தொட்டாலும் விலங்கு உணர்வதில்லை. ஆகவே மூளை என்பது இதயத்தின் வெப்பத்தைத் தணிக்கும் உறுப்பே என்று அவர் முடிவு செய்தார். ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமே கொண்ட மொழியைப் பயில்வோர் இதனை எள்ளி நகைக்க இயலாது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹீரோபிலஸ், எராசிஸ்ட்ரேட்டஸ் ஆகிய இருவரும் மனித உடலையே அறுத்து ஆய்ந்து, நரம்புகள் மூளையோடு இணைந்திருப்பதைக் கண்டனர். ஆயினும் ஸ்டோயிக் தத்துவவாதிகள் இதயத்தைக் கைவிடவில்லை. குரல் மார்பிலிருந்து எழுகிறது. பேச்சு எண்ணத்தின் வெளிப்பாடு. எனவே எண்ணமும் மார்பிலேதான் பிறக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். தருக்கம் செம்மையானதே. உடலைத்தான் அவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

கேட்டுப் பார்த்தவர் கேலன். பெர்கமம் நகரில் பிறந்து, அங்கே வாட்போர் வீரர்களின் காயங்களுக்கு மருத்துவம் பார்த்து, பின் உரோமாபுரிக்கு வந்தவர். மூளையிலிருந்து கழுத்து வழியே மார்புக்குள் இறங்கி, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடையும் மெல்லிய நரம்பொன்றை அவர் கண்டறிந்தார். கத்திக்கொண்டிருக்கும் பன்றியின் அந்நரம்பை நூலால் இறுக்கினால் குரல் நின்றுவிடும். பன்றி திமிறும், மூச்சுவிடும், ஆனால் கத்தாது. முடிச்சைத் தளர்த்தினால் குரல் திரும்பும். குரலை ஆள்வது மார்பன்று, மூளையே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. (அவ்விலங்குகள் பட்ட பாடு நம் உள்ளத்தை உறுத்தவே செய்கிறது.) இத்தகைய சோதனையைச் சான்றோர் அவையொன்றில் நிகழ்த்த அவர் ஆயத்தமாக நின்றபோது, அரிஸ்டாட்டில் மரபைச் சேர்ந்த அலெக்சாண்டர் என்பவர் குறுக்கிட்டு, புலன்கள் காட்டுவதை நம்பலாமா என்பதை முதலில் முடிவு செய்யவேண்டாமா என வினவினார். கேலன் சினந்து அவையை விட்டே வெளியேறினார். பின்னர் வேறொரு நாளில்தான் சோதனை நடந்தேறியது.

இவ்வாறு கண்ணை நம்பிய கேலனே வேறோரிடத்தில் வழுக்கினார். உரோமாபுரியில் மனித உடலை அறுக்கும் வழக்கம் இல்லை. ஆகவே ஆடுமாடுகளின் மூளைக்கு அடியிலுள்ள நுண்குருதிக்குழாய் வலை மனிதருக்கும் உண்டென்று கொண்டார். உயிர்க்காற்று அவ்வலையில் நுட்பமாகி மூளைக்குரிய ஆவியாகிறது என்று கோட்பாடும் வகுத்தார். மனிதருக்கு அந்த வலையே இல்லை. ஆயினும் கேலன் சொன்னார் என்பதனால் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அது நூல்களில் வாழ்ந்தது.

இதில் மிகுதியும் எண்ணத்தக்கது வெசாலியஸின் வாக்குமூலமாகும். 1538-இல் தாம் வெளியிட்ட படங்களில் அவரும் அவ்வலையை வரைந்திருந்தார். மாணவர் முன் மனிதத் தலையை அறுக்கும் போதெல்லாம் ஓர் ஆட்டின் தலையையோ மாட்டின் தலையையோ அருகில் வைத்துக்கொண்டு, மனிதரிடம் காணாத வலையை அதில் காட்டியதாக அவரே பின்னர் நாணத்தோடு ஒப்புக்கொண்டார். 1543-இல் வெளிவந்த தம் பெருநூலில் அவ்வலை மனிதருக்கு இல்லை என்று எழுதினார். பாரிஸில் அவருக்குக் கற்பித்த சில்வியஸ் இதைப் பொறுக்கவில்லை. 1551-இல் மாணவரைப் பித்தர் என இகழ்ந்து நூலொன்றே வெளியிட்டார். கேலன் பிழைபடவில்லை, அவர் காலத்துக்குப் பின் மனித உடல்தான் மாறிவிட்டது என்பது அவ்வாசிரியரின் வாதம்.

அதே பாரிஸில் 1665-இல், ஸ்டெனோ என்னும் டென்மார்க்கு நாட்டு இளைஞர் அறிஞர் கூட்டமொன்றில் மூளையைப் பற்றி உரையாற்ற எழுந்தார். தமக்கு அதைப் பற்றி ஏதும் தெரியாது என்பதே அவருடைய தொடக்கம். பின்னர், மூளையின் நடுவிலுள்ள சிறு சுரப்பி அசைந்து உடலை இயக்குகிறது என்று டேக்கார்ட் எழுதியிருந்ததை எடுத்துக்கொண்டு, அச்சுரப்பி அசைய இடமில்லாதவாறு அமைந்திருப்பதை விளக்கினார்.