குடவோலைப் பெருமையும் கணக்குக் கேட்கும் அறிவும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலை என்று சொல்லாத பள்ளி மாணவர் தமிழ்நாட்டில் அரிது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். உங்கள் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்று அவரிடமே கேட்டால், பெரும்பாலும் பதில் வராது. இந்த அறிவும் இந்த அறியாமையும் தற்செயலாக ஒருவரிடம் சேர்ந்தவை அல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமைக்குரிய பொருளாக மட்டும் கற்பித்ததால், அது எழுப்பும் குடிமைக் கேள்விகள் பாடத்துக்கு வெளியே போய்விட்டன என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.

குடவோலை முறையைச் சொல்லும், உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் இரு கல்வெட்டுகளும் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது கி.பி. 919, 921. இரண்டாவது முதலாவதைத் திருத்துகிறது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாறுகிறது. சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் நடைமுறை துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஊரின் 30 குடும்புகளிலும் (பகுதிகளிலும்) தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடும்பு வாரியாகக் கட்டப்படும். சபை கூடிய இடத்தில், ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில்தான் அதை வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும்; உடனிருக்கும் நம்பிமாரும் (பூசாரிகளும்) படிக்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் என்ற சந்தேகத்துக்குக்கூட விதி எழுதியவர்கள், நம் காலத்துத் தேர்தல் அலுவலர்களைவிடக் குறைந்தவர்கள் அல்லர்.

ஆனால் இது வாக்கெடுப்பு அல்ல. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. திருவுளச்சீட்டுதான் ஆளை முடிவு செய்தது. இதைச் சொல்வது குடவோலையைக் குறைத்துப் பேசுவதாகாது. ஏதென்சு நகர அரசிலும் பல பதவிகள் சீட்டுக் குலுக்கியே நிரப்பப்பட்டன. கட்சி சேர்ப்பதையும் செல்வாக்கையும் தடுக்க அது நல்ல வழி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குடத்துக்குள் பெயர் போக வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அரைக்கால் வேலி மட்டுமே உடையவருக்கு ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூலும்) தெரிந்திருந்தால் சலுகை உண்டு. உத்திரமேரூர் பிரமதேயம், அதன் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. பெண்கள், அந்த நிலத்தில் உழுதவர்கள், ஏரிக்கு மண் சுமந்தவர்கள் எவர் பெயரும் குடத்தருகே வரவில்லை. விதியும் அரசன் ஆணைப்படி, அரசு அதிகாரி உடனிருக்கத்தான் வகுக்கப்பட்டது. மேடையில் இதை உலகின் முதல் மக்களாட்சி என்று முழங்குபவர்கள் இந்த வரிகளைப் படித்ததாகத் தெரியவில்லை.

பழைய கிராம ஆட்சியை மக்களாட்சியாகப் போற்றலாமா என்ற இந்தக் கேள்வி அரசியல் நிர்ணய சபையிலும் எழுந்தது. 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அரசியலமைப்பின் அலகாகக் கொள்ள மறுத்தார். பழங்காலக் கிராமக் குடியரசு என்ற புகழுரை அவரிடம் எடுபடவில்லை. மறுபக்கம், அதே மாதம் 22 அன்று கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தம் 40ஆம் உறுப்பாக ஏற்கப்பட்டு, ஊராட்சிகளை அமைப்பது அரசின் கடமைகளுள் ஒன்றாயிற்று. இருவரில் யார் சரி என்பதற்கான விடையின் ஒரு பகுதி மதுரை, விருதுநகர் மாவட்டங்களில் கிடைத்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 2006 வரை அங்கே தேர்தல் முறையாக நடக்க ஆதிக்க சாதியினர் விடவில்லை. அதேபோல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட மேலவளவில் தேர்தல் நடந்தது; தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். குடவோலையைப் பத்து மதிப்பெண்ணுக்குப் படித்த மாணவர் இந்த ஊர்ப் பெயர்களை அறியாமலே பட்டம் பெறலாம்.

கல்வெட்டில் உண்மையிலேயே எடுத்தாள வேண்டியது வேறொன்று: கணக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அவரோடு அவருடைய நெருங்கிய உறவினருக்கும் தடை. சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன் என்று பட்டியல் நீள்கிறது. உறவுக்காரர் பெயரில் பதவியைத் தக்கவைக்கும் வித்தை அன்றே பழகிப்போயிருந்தது என்பதைத்தான் இந்த நீளம் காட்டுகிறது. நம் சட்டத்தில் இதன் சாயல் ஓரிடத்தில் உண்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, தேர்தல் செலவுக் கணக்கை உரிய முறையில் தாக்கல் செய்யாத வேட்பாளரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்யலாம். அது வேட்பாளர் தேர்தலுக்குச் செய்த செலவு. உத்திரமேரூர் கேட்டதோ பதவிக் காலக் கணக்கு.

பதவிக் காலக் கணக்கைக் கேட்கும் இடம் இன்று கிராம சபை. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபின், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நிலமோ வேதமோ தேவையில்லை. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு உருவம் தந்தது. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022இல் ஆறாயின: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 500 வரையென்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இந்த எண்ணிக்கையை நிரப்ப அரசின் ஊரக வேலைத் திட்டப் பணிக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவது பல ஊர்களில் பழகிப்போன வழக்கம். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தைத் தொடர்ந்து என்ன எழுதப்பட்டது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பார்க்கலாம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை.

குடிமையியல் பாடம் குடியரசுத் தலைவரில் தொடங்கிக் கீழே இறங்கி, ஊராட்சிக்கு வருவதற்குள் ஆண்டு முடிந்துவிடுகிறது. வரிசையைத் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. ஒன்பதாம் வகுப்பு மாணவர் தம் ஊராட்சியின் சென்ற ஆண்டு வரவு செலவைப் படித்து, ஏரி மராமத்துக்கு எழுதிய தொகையையும் கரையையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்கைத் தர மறுத்தால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், பெற்றோர் பெயரில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பம் எழுதக் கற்கட்டும். பதில் 30 நாளில் வர வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டை அதன்பின் கையில் கொடுத்தால், ஏரி வாரியத்தில் ஏன் ஆறு பேர், கணக்குக் காட்டாதவனின் மைத்துனனுக்கு ஏன் தடை என்ற கேள்விகள் ஆசிரியர் கேட்காமலே அவர்களிடமிருந்து வரும்.