சேவைச் சங்கம் (இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்)

சேவைச் சங்கம் என்பது, வணிகரும் பல்துறைத் தொழில் செய்வோரும் சந்தா செலுத்தி உறுப்பினராகி, தம் ஊரின் பொதுத் தேவைகளுக்கு ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வ அமைப்பாகும். விருதுநகர் மாவட்டத்தின் அண்டை நகரங்களான இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ரோட்டரி, லயன்ஸ் ஆகிய பன்னாட்டு இயக்கங்களின் கிளைகள் இவ்வகையைச் சார்ந்தவை. ரோட்டரி 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸால் தொடங்கப்பட்டது. மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் 1917இல் உருவான லயன்ஸ், 1956இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டிலும் நிர்வாக ஆண்டு ஜூலை 1 அன்று பிறப்பதால், புதிய நிர்வாகிகளின் பதவியேற்பு விழா அதையொட்டியே நடைபெறுவதும், வரும் ஆண்டின் பணித்திட்டங்கள் அவ்விழாவில் அறிவிக்கப்படுவதும் வழக்கம்.

பணிகளுள் கண் சிகிச்சை முகாமே நெடிய மரபுடையது. 1925இல் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளை ஏற்று, லயன்ஸ் பார்வையிழப்புத் தடுப்பைத் தன் தலையாய கடமையாகக் கொண்டது. மதுரையில் 1976இல் நிறுவப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை, இடவசதியையும் ஊரறியச் செய்யும் பொறுப்பையும் உள்ளூர் அமைப்புகளிடம் விட்டு, மருத்துவக் குழுவைத் தான் அனுப்பி, விழிவில்லை மங்கும் நோயாகிய கண்புரை உடையோரை அறுவைக்கு அழைத்துச் செல்லும் முறையை வளர்த்தெடுத்தது. பயனாளிகளைத் திரட்டுவதே இதில் கடினமான பகுதி என்பதால், சங்கங்களின் பங்கு பெயரளவிலானதன்று. ரோட்டரி 1985இல் தொடங்கிய போலியோபிளஸ் திட்டத்தின்கீழ், அதன் கிளைகள் அரசின் சொட்டு மருந்து முகாம்களுக்குத் துணைநின்றன. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது.